கர்ப்பிணியின் கையில் எந்தப் புத்தகம்?

சென்னைப் புத்தகக் காட்சியில் கர்ப்பகால நூல்களைத் தேடினால் அவை பெரும்பாலும் சமையல் குறிப்புகளுக்கும் எண்கணித நூல்களுக்கும் நடுவே கிடைக்கும். ஒன்றின் அட்டையில் கொழுகொழுவென்று ஒரு வெளிநாட்டுக் குழந்தை, இன்னொன்றில் தவழும் கண்ணன், மூன்றாவதில் வெள்ளைக் கோட்டு அணிந்த மருத்துவர். வாங்க வருபவர்கள் பக்கங்களைப் புரட்டுவது குறைவு. வீட்டில் விசேஷம் என்ற மகிழ்ச்சியில் கைக்கு வந்ததை எடுத்துப் போகிறார்கள். நாவலுக்கும் கவிதைக்கும் மதிப்புரை எழுத நம்மிடம் ஆள் உண்டு. ஒரு பெண் தன் உடம்பையும் வயிற்றுப் பிள்ளையையும் நம்பி ஒப்படைக்கும் புத்தகத்தை மட்டும் யாரும் எடுத்து வைத்துப் பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பதில்லை.

சரிபார்க்கத்தான் வேண்டும். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது. அதே கணக்கெடுப்பில் இங்குள்ள கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை. சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 60ஐத் தாண்டுகிறது. அதாவது மருத்துவமனைக்கு எல்லோரும் போகிறார்கள், மாத்திரை கிடைக்கிறது, ஸ்கேன் எடுக்கப்படுகிறது. மாத்திரை எதற்கு, ஸ்கேன் என்ன சொன்னது, அறுவை ஏன் என்பது தெரியாமலே பலருக்கும் பத்து மாதம் கழிந்துவிடுகிறது. நூல் வந்து உட்கார வேண்டிய இடம் இது. ஆகவே என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நூலைப் படித்து முடித்த பெண் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து தன் கேள்வியைக் கேட்க முடிகிறதா? எந்த அறிகுறி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பது அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் தெரிகிறதா? இந்த இரண்டுக்கும் உதவாத நூல் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் வாங்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் படிக்க வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிராம சுகாதார செவிலியரோ நகர்ப்புற நல மையமோ கொடுக்கும் தாய் சேய் நல அட்டைதான் அது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண் அதில்தான் எழுதப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும் என்பதால் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆதார் நகலோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கேட்டவுடன் நீட்டுவார்கள். அதைப் பிரித்து உட்கார்ந்து வாசிக்கும் வீடுகள் மிகக் குறைவு.

அதன் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வந்ததும் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், கருப்பையின் உயரம், குழந்தையின் இதயத் துடிப்பு என்று எழுதியிருக்கும். அந்தக் கட்டங்களை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் நூல் பொன்னுக்குச் சமம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. 7க்குக் கீழே என்றால் அது கீரையையும் பேரீச்சம்பழத்தையும் நம்பி வீட்டில் இருக்கும் நிலை இல்லை, மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டியது. பிரஷர் 140/90ஐத் தொட்டால் அது கர்ப்பிணிக்குச் சாதாரண எண் கிடையாது. அதோடு சிறுநீரில் புரதமும் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் வலிப்பு வரை போகலாம். கட்டத்தில் இருக்கும் ஓர் எண், போன மாதத்து எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பேசுகிறது. அப்படி ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிய பெண், “போன தடவை 110 இருந்தது, இப்போ 138 ஆகியிருக்கே டாக்டர்” என்று தானே கேட்பாள்.

இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது திட்டம். வாங்கிச் செல்பவர்கள் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். காரணம் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. வயிறு பிரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. கறுப்பைப் பார்த்ததும் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. இரும்பு சாப்பிட்டால் மலம் கறுப்பது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை என்ற ஒற்றை வரி போதும் அவர்களைத் தொடர வைக்க. மாத்திரையை டீயோடு விழுங்கினால் டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற புளிப்பு இரும்பு சேர உதவும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் சொல்லலாம். “இரும்புச்சத்து நிறைந்த உணவுகளைச் சாப்பிடுங்கள்” என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகும் நூல்களே அதிகம். எந்த நூலையும் வாங்கும் முன் நான் முதலில் திறப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

கர்ப்பத்தைப் பற்றி எழுதுவது நமக்குப் புதிதல்ல. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கருவில் இருக்கும் உயிர் மாதம் மாதமாகக் கடந்து வரும் ஆபத்துகளை வரிசையாகச் சொல்கிறார். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்றே ஒரு பகுதி இருக்கிறது. மூச்சு வலப்புறம் ஓடினால் ஆண், இடப்புறம் ஓடினால் பெண் என்று அன்றைய அறிவு எட்டிய அளவுக்கு அது விளக்கம் தேடுகிறது. இரண்டும் பேசுவது உயிரின் பயணத்தை. சுமக்கிற பெண்ணுக்கு முதுகு வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்பது அந்த நூல்களின் வேலை இல்லை, அதை அவற்றிடம் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அதே பார்வை இன்றுவரை தொடர்வதுதான் சிக்கல். 1965இல் லைஃப் பத்திரிகையின் அட்டையில் லெனார்ட் நில்சன் எடுத்த கருவின் படம் வந்து உலகமே வியந்தது. விண்வெளியில் தனியாக மிதப்பதுபோல் ஒரு சிசு. தாயை அந்தப் படத்தில் எங்குமே காணோம். இன்றைய நூல்களில் “உங்கள் குழந்தை இந்த வாரம் எலுமிச்சை அளவு” என்று வாரம்தோறும் வரும் பக்கங்களும் அந்த வழியில் வந்தவையே. பார்க்க இனிமையானவை, படிக்கலாம். நூல் முழுவதும் அதுவாகவே இருந்தால் தாய்க்கு அதில் இடம் எங்கே?

பிரசவம் பற்றி அச்சில் வந்த பழைய நூல்கள் தாய்க்காக எழுதப்பட்டவையும் அல்ல. 1513இல் ஜெர்மனியில் ஆய்க்காரியுஸ் ரோஸ்லின் வெளியிட்ட ‘ரோஜாத் தோட்டம்’ மருத்துவச்சிகளுக்கானது. அதை எழுதியவர் ஆண். 1671இல் ஜேன் ஷார்ப் என்ற மருத்துவச்சி இங்கிலாந்தில் நூல் எழுதியபோதும் அவர் பேசியது தன் தொழிலில் இருந்த பெண்களோடு. தமிழில் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், ‘பிரசவ வைத்தியம்’ என்ற நூலை 1857இல் கொண்டுவந்தார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பி, கலைச்சொற்களை உருவாக்கி, மாணவர்களையும் உருவாக்கிய பெரிய மனிதர் அவர். அந்த நூலும் மருத்துவம் படிப்பவனுக்குத்தான். பெண்ணிடம் நேராகப் பேசும் நூல் வரப் பின்னும் காலம் ஆயிற்று.

மேற்கில் அந்தத் திருப்பம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. இங்கிலாந்து மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1942இல் ‘சைல்ட்பர்த் வித்அவுட் ஃபியர்’ நூலை எழுதினார். பயம் வந்தால் உடம்பு இறுகுகிறது, இறுகினால் வலி கூடுகிறது, வலி கூடினால் பயம் மேலும் வளர்கிறது என்பது அவர் வாதம். எல்லா வலியையும் பயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது மிகை. ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வதே ஒரு மருத்துவம் என்ற எண்ணத்தை அவர் நிலைநாட்டினார். 1970இல் பாஸ்டன் நகரப் பெண்கள் சிலர் கூடித் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே படித்து, மலிவான தாளில் அச்சிட்ட கையேடு, மூன்றே ஆண்டில் ‘அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்’ என்ற பெரிய நூலாக வளர்ந்தது. மருத்துவரிடம் என்ன கேட்கலாம், எதற்கு மறுப்புச் சொல்லலாம் என்று துணிந்து எழுதிய முன்னோடி அது. 1984இல் ஹெய்டி மர்காஃப் தன் தாயோடும் சகோதரியோடும் சேர்ந்து எழுதிய ‘வாட் டு எக்ஸ்பெக்ட் வென் யூ ஆர் எக்ஸ்பெக்டிங்’ இன்றும் இந்திய நகரங்களின் கடைகளில் முன்வரிசையில் நிற்கிறது. கேள்வி பதிலாக, மாதவாரியாக, எது வந்தாலும் ஒரு பதில் தரும் அமைப்பு அதன் பலம். வரக்கூடிய எல்லாவற்றையும் வரிசைப்படுத்துவதால் எதுவும் வராதவளையும் பயமுறுத்துகிறது என்ற குறையும் அதன்மேல் உண்டு. முந்தைய பதிப்புகளின் கறாரான உணவு விதிகளைப் பலர் கண்டித்தார்கள்.

2013இல் பொருளாதார அறிஞர் எமிலி ஆஸ்டர் ‘எக்ஸ்பெக்டிங் பெட்டர்’ எழுதினார். “கூடாது” என்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் ஆய்வு எவ்வளவு வலுவானது என்று எடைபோடும் நூல். காபி, உறக்கம், வலி நிவாரண ஊசி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. சிறிதளவு மது பற்றி அவர் எழுதியதை மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அந்த எதிர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பாதுகாப்பான அளவு இதுவென்று நிறுவப்படாதபோது விலகியிருக்கச் சொல்வதே பொறுப்பு. ஆனாலும் “ஏன்?” என்று கேட்கும் அந்தப் பழக்கம் நம் நூல்களுக்கு உடனே தேவை.

இந்த ஆங்கில நூல்களையோ அவற்றின் மொழிபெயர்ப்புகளையோ அப்படியே வாங்கிக் கொடுத்தால் போதுமா? போதாது. சுகர் டெஸ்ட் ஒன்றே சான்று. அமெரிக்க நூலில் 50 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் இரத்தம் எடுப்பார்கள் என்றும், அளவு கூடியிருந்தால் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் வந்து 100 கிராம் குடித்து மூன்று மணி நேரம் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது வேறு. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வரச்சொன்னால் அவள் வரமாட்டாள் என்பதை அறிந்து, சென்னையின் நீரிழிவு மருத்துவர் வீ. சேஷையாவும் அவரைச் சார்ந்தவர்களும் முன்வைத்த முறை இது. இன்று இந்திய அரசின் வழிகாட்டுதலும் இதுவே. அமெரிக்க நூலைப் படித்துவிட்டு வரும் பெண், இங்கே தவறாகச் செய்கிறார்கள் என்று எண்ணிக் குழம்புவாள். தமிழில் உள்ள நூல் ஒன்று இந்தச் சோதனையை எப்படி விளக்குகிறது என்று பாருங்கள். அமெரிக்க முறை எழுதியிருந்தால் அந்நூல் எங்கிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டது என்பது விளங்கிவிடும்.

உணவுப் பகுதியிலும் இப்படித்தான். மென்மையான பாலாடைக்கட்டி, பச்சை மீன் என்று தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் வரும். நம் வீட்டுக்கு வேண்டியது காய்ச்சாத பால், தெருவோரப் பழச்சாற்றில் போடும் ஐஸ், முந்தின நாள் குழம்பு, குடிதண்ணீர் பற்றிய பேச்சு. குழம்பில் ஒரு துண்டு மீனும் தினம் ஒரு முட்டையும் கர்ப்பிணியின் தட்டில் விழுகின்றனவா, அல்லது வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைத்தான் அவள் சாப்பிடுகிறாளா என்ற கேள்வியை எழுப்பும் நூலை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி தாய்வீடு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள். ஊர் மாறுகிறது, மருத்துவர் மாறுகிறார், மருத்துவமனை மாறுகிறது. கர்ப்பத்தின் ஆபத்தான கடைசி வாரங்களில் அவளை முன்பின் பார்த்திராத ஒருவர் கையில் கோப்பு போகிறது. எந்த ஸ்கேன் அறிக்கைகளை எடுத்துப்போக வேண்டும், இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, முந்தைய சிசேரியனின் விவரம் ஆகியவற்றை ஒரே தாளில் எப்படி எழுதி வைப்பது, புதிய ஊரின் செவிலியரிடம் பிக்மி எண்ணைச் சொல்லி எப்போது பதிவை மாற்றுவது, இரவில் வலி வந்தால் 108க்கு அந்த ஊரின் எந்த அடையாளத்தைச் சொல்வது? மேற்கத்திய நூலில் இதற்கு ஓர் அத்தியாயம் இருக்க வழியில்லை. அங்கே கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்து ஒரே காரில் மருத்துவமனைக்குப் போகிறார்கள். தமிழில் எழுதுபவர்கள் இதை எழுதாமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

கர்ப்ப சம்ஸ்காரம் என்ற பெயரில் வரும் நூல்கள் இப்போது நிறைய விற்கின்றன. அறிவாளிக் குழந்தை, அழகான குழந்தை, பண்புள்ள குழந்தை பெற இந்த மாதம் இதைக் கேளுங்கள், இதை நினையுங்கள் என்பவை. சுபத்திரையின் வயிற்றில் இருந்தபடி சக்கரவியூகம் கேட்ட அபிமன்யு முன்னுரையிலேயே வந்துவிடுவான். இதில் எவ்வளவு உண்மை? ஆறாம் மாதத்துக்குப் பிறகு சிசுவுக்குக் கேட்கத் தொடங்குகிறது. 1986இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் தினமும் ஒரே கதையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைகள் கேட்டிராத கதையைவிடக் கேட்டிருந்த கதையின் ஓசையை நாடின. தாயின் குரலும் ஒரு பழகிய தாளமும் உள்ளே எட்டுகின்றன என்பது இதிலிருந்து தெரிகிறது. பொருள் புரிகிறது என்றோ அறிவு கூடுகிறது என்றோ தெரியவில்லை. மோசார்ட் இசை விவகாரமும் அப்படியே. 1993இல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது, கண்ட பலன் சில நிமிடங்களே நீடித்தது. கருவிலுள்ள குழந்தைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையை வேண்டிப் பாடும் பெண்ணுக்கு அதில் கிடைக்கும் மன அமைதி மெய்யானது. பாடட்டும், படிக்கட்டும், விருப்பமான நாவலைச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். என் ஆட்சேபம் வேறு. நினைப்பால் குழந்தையைச் செதுக்கலாம் என்று சொல்லும் நூல், குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் அந்தப் பழியையும் தாயின் தலையில் வைத்துவிடுகிறது. மாமியாரோடு சண்டை போட்டு அழுத ஒரு நாளை நினைத்து, “அதனால்தான் இப்படி ஆயிற்றோ” என்று ஆயுள் முழுக்க மருகவைக்கும் வல்லமை அந்த வரிகளுக்கு உண்டு. ஆண் குழந்தை பெறும் வழி என்று ஓர் அத்தியாயம் இருந்தால் புத்தகத்தை அங்கேயே மூடிவிடலாம். கருவின் பாலினத்தைத் தெரிவு செய்வதையும் கண்டறிந்து சொல்வதையும் தடுக்க 1994இல் சட்டமே வந்த நாடு இது.

குங்குமப்பூவும் பப்பாளியும் ஒரு நூலை அளக்க நல்ல உரைகல். குங்குமப்பூ குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று எழுதியிருக்கிறதா? நிறம் பெற்றோரின் மரபணுவில் இருக்கிறது, பாலில் இல்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம். பப்பாளி விஷயம் கொஞ்சம் நுட்பமானது. காயிலும் செங்காயிலும் இருக்கும் பால், எலிகளின் கருப்பையைச் சுருங்கச் செய்வதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். நன்றாகப் பழுத்த பழத்தில் அந்தப் பால் மிகக் குறைவு. ஆகவே காயைத் தவிர்ப்பதில் நியாயம் உண்டு, தெரியாமல் இரண்டு துண்டு பழம் தின்றுவிட்டுத் தூக்கம் இழப்பதில் நியாயம் இல்லை. இப்படி இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஆசிரியரை மற்ற பக்கங்களிலும் நம்பலாம். “எல்லாம் மூடநம்பிக்கை” என்று ஒரே வீச்சில் தள்ளுபவரும், “பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று ஒதுங்குபவரும் சிந்தித்து எழுதவில்லை.

கருச்சிதைவு பற்றி நூலில் என்ன இருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். உறுதியான கர்ப்பங்களிலேயே பத்தில் ஒன்று முதல் இரண்டு வரை கலைகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. குடம் தூக்கியதோ பேருந்தில் போனதோ மனம் நொந்ததோ காரணம் இல்லை என்று தெளிவாக எழுதப்பட்ட ஒரு பத்தி, அந்தத் துயரத்தில் இருப்பவளுக்கு எந்த ஆறுதல் மொழியையும்விடப் பெரியது. நல்ல சகுனம் கெடும் என்று அந்த அத்தியாயத்தையே விட்டுவிடும் பதிப்பாளர்கள், தேவைப்படும் நேரத்தில் வாசகியைக் கைவிடுகிறார்கள்.

சிசேரியன் பகுதியும் முக்கியம். சுகப்பிரசவத்தைப் பெண்ணின் சாமர்த்தியமாகவும் அறுவையைத் தோல்வியாகவும் காட்டும் தொனி தமிழ் நூல்களில் மலிந்திருக்கிறது. நஞ்சுக்கொடி வாசலை அடைத்திருந்தால் அறுவைதான் உயிர் காக்கும். நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்துத் தேதி குறித்துக் கிழிப்பதோ உயிர் காக்கும் காரியமில்லை. அறுவை என்றதும் கேட்க வேண்டியதை நூல் சொல்லித்தர வேண்டும். இப்போதே செய்ய வேண்டுமா, காத்திருந்தால் என்ன ஆபத்து, குழந்தைக்கு எத்தனை வாரம் முடிந்திருக்கிறது, அடுத்த பிரசவம் எப்படி அமையும் என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

எப்போது படிப்பது என்பதில் நாம் எல்லோருமே தாமதிக்கிறோம். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்து மருத்துவரிடம் போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும் என்பது அதனால்தான். 1991இல் வெளிவந்த பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் குழுவின் சோதனை, முன்பு இத்தகைய குறையோடு குழந்தை பெற்ற தாய்மாருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது அந்த ஆபத்து 72 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. ஆகவே இந்த நூலை வளைகாப்புக்குப் பரிசாகக் கொடுப்பதைவிடக் கல்யாணத்துக்குக் கொடுப்பது மேல். இரண்டாவது சுவர்க்கடிகாரத்தைவிட உபயோகமான பரிசு.

யார் படிப்பது? கர்ப்பிணி மட்டும் படித்தால் பாதி வேலைதான் முடிந்தது. இரவு பதினொரு மணிக்கு இரத்தப்போக்கு என்றால் வண்டி பிடிக்க முடிவெடுப்பவர்கள் கணவனும் மாமியாரும் அம்மாவும். அறிகுறிகளை அவர்களும் அறிந்திருக்க வேண்டும். இரத்தம் படுவது, கடும் தலைவலி, முகம் வீங்குவது, காய்ச்சல், பனிக்குடம் உடைவது, ஏழாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும் என்று இருக்கும் பக்கத்தைக் கிழித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினாலும் தகும். பிரசவ அறையில் தொடர்ந்து ஒரு துணை இருந்தால் அறுவைகள் குறைகின்றன, வலி நேரமும் சுருங்குகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளிலும் ஒரு பெண் துணைக்கு அனுமதி உண்டு. அந்தத் துணை பெரும்பாலும் பெண்ணின் அம்மாதான். அவருக்காக எழுதப்பட்ட, பெரிய எழுத்தில் அச்சிட்ட இருபது பக்க நூல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

பிரசவத்துக்குப் பின் வரும் பகுதி பல நூல்களில் நாலு பக்கத்தில் முடிந்துவிடும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, பழம் ஆகாது என்ற கட்டுப்பாடுகள் தொடங்கும் நேரம் அது. குழந்தையின் வாயில் சேனை தொட்டு வைக்க உறவினர்கள் தேனோடும் சர்க்கரைத் தண்ணீரோடும் காத்திருக்கும் நேரமும் அதுதான். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானது, சீம்பாலே முதல் உணவு, ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதைப் பெரியவர்கள் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லும் சாமர்த்தியம் நூலுக்கு வேண்டும். பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் தாராளமாக இருக்கட்டும் என்று சேர்த்தே சொல்லலாம். அவை தீங்கு செய்வதில்லை, புரதத்தைத் தருகின்றன. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் தமிழிலும் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளன. காரணமில்லாத அழுகை, குற்றவுணர்ச்சி, தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் என்று கேட்கும் எளிய கேள்விகள். பேய் பிடித்தது, பாசமில்லாதவள் என்று ஒரு பெண்ணை ஒதுக்கும் முன் வீட்டில் ஒருவராவது இந்த நோயைப் பற்றிப் படித்திருந்தால் போதும்.

கைப்பேசியில் வரும் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவர் யார், என்ன படித்தவர், எந்த ஆண்டுப் பதிப்பு, கடைசிப் பக்கத்தில் அவரே விற்கும் மாவு, லேகியம், வகுப்பு ஆகியவற்றின் விளம்பரம் உண்டா என்று ஒரு புத்தகத்தில் பார்த்துவிடலாம். காணொளியில் அதைத் தேடுவது கடினம், ஒன்று முடிந்தால் அடுத்தது தானே ஓடத் தொடங்கும். உறக்கம் வராத கர்ப்பிணிக்கு நள்ளிரவில் அது தருவது பெரும்பாலும் பயமே.

ஆக, இன்று தமிழில் ஒரே நூலைக் காட்டி இதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள், ஹெஸ்பெரியன் பதிப்பகம் 1997இல் வெளியிட்ட ‘வேர் விமன் ஹேவ் நோ டாக்டர்’ நூலின் கர்ப்பம், பிரசவம் பற்றிய அத்தியாயங்களைப் படிக்கலாம். ஏழை நாட்டுப் பெண்களை மனத்தில் வைத்து, படங்களோடு, எளிய சொற்களில் எழுதியது. மற்றவர்கள் மகப்பேறு மருத்துவர் ஒருவர் அண்மையில் எழுதிய தமிழ் நூல் ஒன்றை, மேலே சொன்ன பக்கங்களைப் பார்த்துத் தேர்ந்து, தாய் சேய் நல அட்டையோடு வைத்துப் படிக்கலாம். கடைசி உள்ளட்டையில் கேள்விகளை எழுதிக்கொண்டு அடுத்த பரிசோதனைக்குப் போகலாம்.

பொது நூலகத் துறையும் சுகாதாரத் துறையும் கைகோத்தால் இன்னொன்றும் செய்யலாம். சுகர் டெஸ்டுக்குக் குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிகள் ஒவ்வொரு பரிசோதனை நாளிலும் இருக்கிறார்கள். பக்கத்தில் அம்மாவோ கணவனோ இருப்பார்கள். அந்தப் பெஞ்சுக்கு அருகில் ஓர் அலமாரி, அதில் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து சரிபார்த்த பத்து நூல்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்ட ஒரு தன்னார்வலர். செலவு மிகக் குறைவு. ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம்.